பால் கணக்கு எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள்

நுகர்வோர் சட்டம்: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு பேரூராட்சியிலிருந்து எழுதியிருக்கும் வாசகி, வீட்டின் முன்னறையிலேயே தட்டச்சு, ஜெராக்ஸ், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, தேர்வு நுழைவுச்சீட்டு அச்செடுத்துத் தருவது போன்ற வேலைகளைச் செய்து குடும்பத்தை நடத்துகிறார். கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் மாலை வேளைகளில் வந்து உதவுவதுண்டு. பழைய பிரிண்டர் ஓய்ந்துபோனதால், பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் ஸ்கேன், நகல் வசதிகளும் உள்ள, தொட்டியில் மை ஊற்றிப் பயன்படுத்தும் புதிய இங்க் டேங்க் வண்ணப் பிரிண்டர் ஒன்றை 17,400 ரூபாய்க்கு, மாதம் 2,900 ரூபாய் வீதம் ஆறு தவணையில் வாங்கினார். மறுநாள் கடை ஊழியர் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, நான்கு நிற மையையும் ஊற்றி, குழாய்களில் மை ஏறும் முதல் நிரப்புதலைத் தொடங்கிவைத்தார். நடுவில் மின்சாரம் போய், பத்து நிமிடம் கழித்து வந்தது. ஊழியர் மீண்டும் இயக்கி, மைத் துளைகளைச் சோதிக்கும் ஒரு நாசில் செக் தாளையும் ஒரு டெஸ்ட் பேஜையும் எடுத்தார். அந்த நாசில் செக் தாளில் மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு மூன்று கோடுகள் விட்டுப்போயிருப்பதை வாசகி காட்டியபோது, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் வாசகி பால் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் புகைப்படங்களில் முகங்கள் பச்சை பூத்து வந்தன. மையைத் தாளில் தெளிக்கும் பாகமான ஹெட்டைத் துப்புரவாக்கும் ஹெட் கிளீனிங்கை எட்டு முறை செய்தும் பயனில்லை. கடைக்காரர், பில்லின் அடியிலுள்ள "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டி, சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார். பதினோராம் நாள் வந்த சர்வீஸ் மெக்கானிக், ஆங்கிலத்தில் ஜாப் ஷீட் என்னும் பணி அறிக்கையை நிரப்பிக் கையொப்பம் வாங்கிச் சென்றார். வாடிக்கையாளர் மையைக் கலந்து ஊற்றிவிட்டார், ஆகவே வாரன்டி பொருந்தாது, ஹெட் மாற்ற 6,800 ரூபாய் ஆகும் என்று அதில் எழுதியிருப்பதைத் தங்கை மகள் படித்துச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வியாபாரத்துக்கு வாங்கியதாலும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவு இருப்பதாலும் தாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டதாகவும், தவணையை நிறுத்திவிடலாமா என்றும், இரண்டு லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா என்றும் கேட்கிறார். ஒரே நாளில் மை பாதி இறங்கியதால் எங்கோ கசிகிறது என்றும், தாம் அச்செடுக்கும் முன்பே பக்க எண்ணிக்கை ஏழு என்று காட்டியதால் அது யாரோ பயன்படுத்திய பிரிண்டர் என்றும் சந்தேகப்படுகிறார். கொழுந்தனார் ஹெட்டைக் கழற்றி வெந்நீரில் கழுவித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்டைக் கழற்ற வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் இன்றே சொல்லுங்கள். அவருடைய கைத்திறமையை நான் ஐயப்படவில்லை. ஆனால் வெளியாள் ஒருவர் ஒரு திருகைத் திருப்பியதும், இன்றுவரை உங்கள் பக்கம் வலுவாக இருக்கும் ஒரு விவகாரத்தில் எதிர்தரப்புக்கு நீங்களே பதில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிரிண்டர் இப்போது இருக்கும் இடத்திலேயே, சாய்க்காமல், மூடி இருக்கட்டும். கடைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் மட்டமாகவே எடுத்துச் செல்லுங்கள். மைத் தொட்டியுள்ள பிரிண்டரைச் சாய்த்தால் மை உள்ளே சிந்தும். அந்தக் கறையும் உங்கள் மேல்தான் விழும்.

நீங்கள் நுகர்வோர்தான்

உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் அதே பிரிவு 2(7)இன் விளக்கத்தில், ஒருவர் சுயதொழில் செய்து தம் பிழைப்பை ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கி, கூலிக்கு அடுத்தவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவர், அந்தப் பொறியில் தாமே உட்கார்ந்து வேலை செய்து பிழைப்பவராக இருந்தால் அவர் நுகர்வோராகவே நீடிக்கிறார் என்று அந்தத் தீர்ப்பு உதாரணம் காட்டுகிறது. தாமே இயந்திரத்தை இயக்கிப் பிழைப்பவர் ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றும் அது சொல்கிறது. தட்டச்சுப் பொறி இருந்த இடத்தில் இன்று உங்கள் பிரிண்டர் இருக்கிறது. துணைக்கு வருபவர் உங்கள் தங்கை மகள். இதைவிட நெருக்கமாகப் பொருந்தும் உதாரணம் கிடைப்பது அரிது.

உத்யம் பதிவு இருப்பது மட்டுமே உங்களை வணிக நிறுவனமாக்கிவிடாது. வணிக நோக்கம் என்று வாதிடும் எதிர்தரப்பினரே முதலில் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஒரு சீட்டு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்காகக் கவனக்குறைவாக இருந்துவிடாதீர்கள். அவர்கள் ஓரளவு நிரூபித்துவிட்டால், பிழைப்புக்காகவே வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பு உங்களிடம் வந்துசேரும். ஆகவே உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே, இன்ன ஊரில், வீட்டு முன்னறையில், நானே இந்த வேலையைச் செய்து பிழைக்கிறேன், வேறு வருமானம் இல்லை என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் தடுமாறிய மனுக்கள் உண்டு.

அந்தத் தாள் சொல்வது என்ன

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பால் கணக்கு எழுதிய தாளைப் பற்றிய வரிகளைத்தான். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தையும் பார்த்தேன். புதிய பிரிண்டரில் நாசில் செக் எடுப்பது ஒரு சடங்கு என்றே பலர் நினைக்கிறார்கள். ஹெட்டில் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துளையும் மையைத் துப்புகிறதா என்று நாசில் செக் தாளில் அச்சாகும் கோடுகள் காட்டுகின்றன. கோடு முழுதாக இருந்தால் துளை திறந்திருக்கிறது. கோடு விட்டுப்போயிருந்தால் அடைபட்டிருக்கிறது, அல்லது மை அங்கே போய்ச் சேரவில்லை.

மையைக் கலந்து ஊற்றியிருந்தால் அந்தத் தாள் வேறு மாதிரி இருந்திருக்கும். மஞ்சள் தொட்டியில் மெஜந்தா விழுந்திருந்தால் மஞ்சள் கோடுகள் ஆரஞ்சு நிறமாக மாறியிருக்கும். மெஜந்தாத் தொட்டியில் சயான் என்னும் வெளிர்நீலம் விழுந்திருந்தால் மெஜந்தாக் கோடுகள் ஊதா நோக்கிப் போயிருக்கும். உங்கள் தாளில் நான்கு நிறங்களும் தெளிவாக, ஒன்றில் மற்றொன்று கலவாமல் இருக்கின்றன. மெஜந்தாவில் கோடுகள்தான் இல்லை. நிறம் கெடாமல் கோடு மட்டும் விட்டுப்போவது அடைப்பின் அடையாளம், அல்லது குழாயில் காற்று தங்கியதன் அடையாளம். இது புகைப்படத்தைப் பார்த்து நான் சொல்வது. உறுதிசெய்ய வேண்டியவர் ஒரு தொழில்நுட்ப வல்லுநர். ஆனால் ஜாப் ஷீட்டில் எழுதப்பட்ட காரணத்துக்கும் முதல் நாள் தாளுக்கும் பொருத்தமில்லை என்று கேள்வி எழுப்புவதற்கு இது போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில மாடல்களில் மைப் புட்டியின் வாயும் தொட்டியின் வாயும் அந்தந்த நிறத்துக்கு மட்டுமே பொருந்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தவறான புட்டியைச் செருகவே முடியாது. உங்கள் பிரிண்டர் அவ்வகையைச் சேர்ந்ததா என்று கையேட்டில் பார்த்து, அப்படியென்றால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மையை ஊற்றியது நீங்கள் அல்ல, விற்பனையாளரின் ஊழியர். கலந்தே ஊற்றப்பட்டிருந்தாலும் அது அவர் செய்த வேலையிலுள்ள குறை. சட்டம் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

தாளில் உள்ள பால் கணக்கை அழிக்காதீர்கள், அந்தப் பக்கத்தை வெட்டவும் வேண்டாம். நீங்கள் அன்றன்று தேதி போட்டு எழுதிய கணக்கு அது. அந்தத் தாள் அதற்கு முன்பே அச்சானது என்பதற்கு அதுவே ஆதரவு. இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, மூலத்தை ஓர் உறையில் போட்டுவையுங்கள். நம்மில் பெரும்பாலோர் முதல் சோதனைத் தாளைக் கசக்கி எறிந்துவிடுகிறோம். நீங்கள் சிக்கனத்துக்காக வைத்திருந்தது இப்போது உங்கள் சாட்சியாக நிற்கிறது.

மின்சாரம் போனதை மறைக்காதீர்கள். முதல் நிரப்புதலின்போது பிரிண்டரை அணைக்கக் கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. குழாய்களில் மை ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. எதிர்தரப்பு இதைக் கண்டிப்பாக எழுப்பும். நீங்களே முன்கூட்டிச் சொல்லி, அப்போது பிரிண்டர் விற்பனையாளரின் ஊழியர் பொறுப்பில் இருந்தது என்றும், மீண்டும் இயக்கியவரும் கோடு விட்டுப்போனதைப் பார்த்தும் அப்படியே விட்டுச் சென்றவரும் அவரே என்றும் எழுதினால், அந்த வாதத்தின் பலம் பெரிதும் குறையும். எட்டு முறை கிளீனிங் செய்ததையும் அப்படியே சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் செய்யாமல், பன்னிரண்டு மணி நேரமாவது பிரிண்டரை ஓய்வில் விட்டு மீண்டும் சோதிக்கும்படி சொல்லும் கையேடுகள் உண்டு. எட்டு முறை செய்ததால் ஹெட் கெட்டது என்று நான் கருதவில்லை, மைதான் வீணாகியிருக்கும். இனிமேல் ஒரு முறைகூடச் செய்ய வேண்டாம்.

கையொப்பம் போட்டுவிட்டீர்கள் என்பதால் முடிந்துவிடவில்லை

ஜாப் ஷீட்டில் கையொப்பமிட்டது உங்களை மிகவும் வருத்துகிறது என்று தெரிகிறது. படிக்காமல் கையொப்பமிட்டது உங்கள் வழக்கில் ஒரு பலவீனம்தான். இல்லையென்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் மெக்கானிக் வந்து பார்த்தார் என்பதற்கே அந்தக் கையொப்பம் முதன்மையாகச் சான்று. அவர் எழுதிய காரணத்தை நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்கு அது முடிவான சான்றாகாது. உள்ளடக்கத்தை உடனடியாக மறுத்து எழுதினால் அந்த வேறுபாடு நிலைக்கும். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். ஆகவே இந்த வாரமே சர்வீஸ் சென்டருக்கும், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர் மின்னஞ்சலுக்கும் எழுதுங்கள். அந்த முகவரி பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது பொதியப்பட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி இருக்க வேண்டிய விவரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டவில்லை, மை கலந்தது என்பதை மறுக்கிறேன், முதல் நாள் நாசில் செக் தாளின் நகலை இணைத்திருக்கிறேன், எந்தச் சோதனையின் அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள் என்ற நான்கு வாக்கியங்கள் போதும். கோபமான சொற்கள் ஒன்றுகூட வேண்டாம்.

பில்லின் அடியிலுள்ள அந்த வரியைப் பற்றி

"விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் கடமை தீர்ந்துவிட்டது என்று நம் ஊர்க் கடைகள் பலவும் நம்புகின்றன. பொருள் பிடிக்கவில்லை, நிறம் வேறு வேண்டும் என்று திருப்பித் தருபவரிடம் அந்த வரியைக் காட்டலாம். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை, சட்டத்தின் பிரிவு 2(47) முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் என்று அது சொல்கிறது. இந்தப் பதில் உங்களைச் சேரும்போது வாங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருக்கும். 30 நாள் கடந்தால் உங்கள் உரிமையே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆணையத்தில் புகார் செய்ய, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. ஆனாலும் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டு, அவர்கள் மறுத்தார்கள் என்பது பதிவாக இருந்தால் உங்கள் நிலை மிகவும் வலுப்பெறும். இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் வாய்மொழியாகவே என்பதுதான் எனக்குக் கவலை.

அதே சமயம், குறை என்றாலே புதிய பிரிண்டர்தான் தர வேண்டும் என்று நீங்கள் எண்ணுவதையும் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. வாரன்டி அட்டைகள் பெரும்பாலும் பழுதுநீக்கத்தைத்தான் உறுதியளிக்கின்றன. மாற்றுப் பொருள் தருவது அவர்கள் முடிவைப் பொறுத்தது என்றே எழுதியிருப்பார்கள். ஆணையம் குறையை நீக்கவும், மாற்றுப் பொருள் தரவும், பணத்தை வட்டியுடன் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிடலாம். எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது நிரூபணத்தைப் பொறுத்தது. பொருத்திய அன்றே குறை தெரிந்தது என்று உங்கள் தாள் காட்டுவதால், மாற்றுப் பிரிண்டர் கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கசிவும் அல்ல, பழையதும் அல்ல

மை பாதி இறங்கியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் புகாரில் சேர்க்காதீர்கள். புதிய இங்க் டேங்க் பிரிண்டரில் முதலில் ஊற்றும் மையின் ஒரு பகுதி, தொட்டியிலிருந்து ஹெட் வரையுள்ள குழாய்களை நிரப்பவே செலவாகும். அதனால் முதல் புட்டிகளில் கிடைக்கும் பக்கங்கள், அடுத்தடுத்து வாங்கும் புட்டிகளில் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். கையேட்டிலேயே அப்படிக் குறிப்பிட்டிருப்பார்கள். அதற்கு மேல் எட்டு கிளீனிங்; ஒவ்வொன்றிலும் மை உறிஞ்சப்பட்டுக் கழிவு மைப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. பிரிண்டருக்கு அடியில் வைத்த காகிதத்தில் கறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கசிவு என்பதற்குச் சான்றில்லை.

பக்க எண்ணிக்கை ஏழு என்பதும் அப்படித்தான். தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்த சில பக்கங்கள் எண்ணிக்கையில் பதிவாகியிருக்கலாம். ஊழியர் எடுத்த தாள்களும் அதில் சேர்ந்திருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஏழுக்குக் கேட்டால், உங்கள் வலுவான புகாரையும் சேர்த்து ஐயப்படுவார்கள்.

தவணை, இழப்பீடு, வீடியோ

தவணையை நிறுத்த வேண்டாம். கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ளது தனி ஒப்பந்தம். பிரிண்டர் பழுது என்பதால் அந்தக் கடன் நின்றுவிடாது; தவறிய தவணைகள் உங்கள் கடன் தகவல் அறிக்கையில் ஏறும், அபராத வட்டியும் சேரும். பின்னாளில் தொழிலுக்கு வங்கிக் கடன் கேட்கும்போது இந்த 2,900 ரூபாய் குறுக்கே நிற்கும். கட்டிய தவணைகளுக்கான இரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவு வந்தால் அவை பயன்படும்.

இரண்டு லட்சம் கேட்பதால் கட்டணம் அதிகரிக்காது, ஏனென்றால் ஆணையத்தின் கட்டணமும், எந்த ஆணையம் விசாரிக்கலாம் என்ற வரம்பும் பொருளுக்காக நீங்கள் கொடுத்த தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. ஆனால் நிரூபிக்க முடியாத தொகையைக் கேட்கும்போது, நிரூபிக்க முடிந்ததும் சேர்ந்து எடை குறைகிறது. மூன்றாம் நாள் முதல் வெளியே கொடுத்து அச்செடுத்த வேலைகளுக்கு இரசீது இருந்தால் அவற்றின் கூட்டுத்தொகை, போக்குவரத்துச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். இன்று முதல் ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதி வாருங்கள். தொழில் நிற்கக் கூடாது என்று பழைய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ எடுத்தால் அதன் பில்லும் அந்த நோட்டில் இருக்கட்டும்.

கடையின் பெயரைச் சொல்லி வீடியோ போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது உங்கள் உரிமை. "ஏமாற்றுக்காரர்கள்", "பழைய பிரிண்டரைப் புதிதென்று விற்றவர்கள்" என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. அவதூறு என்று அவர்கள் எதிர்ப்புகார் கொடுக்க அது இடம் தருகிறது, இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356 அதற்கானது. பழைய பிரிண்டர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லாத நிலையில், அந்த வீடியோவை நீக்கிவிடுவதே நல்லது.

எந்த வழியில் போகலாம்

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன. ஹெட்டை இலவசமாக மாற்றித் தரச் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளலாம்; ஆனால் மாற்றிய நாள், மாற்றிய பாகம், அந்தப் பாகத்துக்கு எத்தனை மாத வாரன்டி என்பது எழுத்தில் வர வேண்டும். மாற்றுப் பிரிண்டர் இரண்டாவது. என் பரிந்துரை இதுவே. பணத்தைத் திருப்பி வாங்குவது மூன்றாவது. விற்பனையாளர் மேல் நம்பிக்கையே போய்விட்டது என்றால் இதைக் கேட்கலாம். 6,800 ரூபாய் கட்டி ஹெட்டை மாற்றிக்கொண்டு பிறகு வழக்குப் போடலாமே என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஹெட் அவர்கள் கைக்குப் போய்விடும், பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது.

கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது என்றாலும், நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுசேர்ப்பார்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி இது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கடையையும் தயாரிப்பாளரையும் இருவரையுமே எதிர்தரப்பினராகச் சேர்க்க மறக்காதீர்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழிபோட்டு நழுவுவார்.

சிரமத்தையும் சொல்ல வேண்டும். சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்துக்குள்ளும், ஆய்வகச் சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக இழுக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைச் செலுத்தச் சொல்லலாம். ஆகவே கடைக்காரர் நியாயமான ஓர் உடன்பாட்டுக்கு வந்தால் தன்மானப் பிரச்சினையாக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பிரிண்டர் வந்தால்

பெட்டியைப் பிரிக்கும் முன்பே கைப்பேசியில் வீடியோ எடுங்கள். பெட்டியிலும், பிரிண்டரின் பின்பக்கத்திலும், பில்லிலும் உள்ள வரிசை எண் ஒன்றாக இருப்பது அதில் தெரிய வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வேண்டாம். முதல் நிரப்புதல் முடியும்வரை இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால் நல்லது. இங்க்ஜெட் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. லேசருக்கு இது பொருந்தாது. அதன் சூடேற்றி திடீரென்று அதிக மின்சாரம் இழுப்பதால் யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம் என்றே சொல்வார்கள். மட்டமான மேசை, எர்த் உள்ள மூன்று முனைப் பிளக், உள்ளே ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்புகள் அனைத்தையும் எடுத்துவிட்டீர்களா என்று ஒரு முறை பார்ப்பது. இவ்வளவு ஆன பிறகுதான் மை. யூஎஸ்பி கேபிளை மென்பொருள் கேட்கும்போது மட்டும் செருகுங்கள். வைஃபையில் பிரிண்டர் உங்கள் இணைப்பைக் காணவில்லை என்றால், பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும்.

பிறகு சோதனை. முதலில் நாசில் செக், அடுத்து பக்க எண்ணிக்கை காட்டும் நிலைத் தாள். கோடுகள் முழுதாக இருந்தால், எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கம், முகங்கள் உள்ள ஒரு வண்ணப் படம், கண்ணாடி மேல் வைத்து ஒரு நகல், ஒரு ஸ்கேன், 75 அல்லது 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் தொடர்ந்து இருபது பக்கம். நகலில் மட்டும் கோடு விழுந்து நாசில் செக் சரியாக இருந்தால் குறை ஸ்கேனர் பக்கம், பெரும்பாலும் கண்ணாடியில் ஒட்டிய தூசி. நாசில் செக் சரியாக இருந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் ஹெட்டை நேர்ப்படுத்தும் ஹெட் அலைன்மென்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளிலும் தேதியும் நேரமும் எழுதி, பொருத்த வந்தவரிடம் பெயருடன் கையொப்பம் வாங்குங்கள். கோடு விட்டுப்போயிருந்தால், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார் என்று நீங்களே எழுதுங்கள். மூன்றாம் நாளும் ஒரு வாரம் கழித்தும் இன்னொரு நாசில் செக் எடுத்து அதே உறையில் வையுங்கள்.

வாரன்டி முடியும்வரை அந்த நிறுவனத்தின் மையையே பில்லுடன் வாங்குங்கள். மலிவான மை எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வேற்று மையால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான அட்டைகளில் எழுதியிருப்பதால், மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு ஈடாக அந்த வாதத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கடிதங்களை இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட், முதல் நாள் தாளின் இரு பக்கம், கடைக்காரரிடம் பேசிய நாள்களைக் காட்டும் கைப்பேசி அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து எடுக்கும் படங்களையும் வீடியோவையும் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63இன்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டியிருக்கும். அந்தக் கைப்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். பதினைந்து நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்து வந்தாலோ, அதன் நகலுடன் எனக்கு எழுதுங்கள். புகார் மனுவில் எதை எந்த வரிசையில் எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.